டைரக்ட்3டி உங்கள் நிரலின் துல்லியத்தைக் குறைக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

32-பிட் விண்டோஸ் நிரல் ஒன்றில் ‘டபுள்’ வகை எண்கள் (தசமப் புள்ளியுள்ள எண்களை 8 பைட்டில் வைக்கும் வகை) 15 இலக்கத் துல்லியத்துடன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். வரைகலைச் சாளரம் திறந்த கணத்திலிருந்து அதே எண்கள் 7 இலக்கத்துக்கு மேல் நம்பத்தகாதவை ஆகிவிடும். முப்பரிமாணப் படம் வரைவதற்கான மைக்ரோசாஃப்ட் நூலகமான டைரக்ட்3டியின் 9-ஆம் பதிப்பையும் அதற்கு முந்தைய பதிப்புகளையும் பயன்படுத்தும் நிரல்களில் இது இன்றும் நிகழ்கிறது. அந்தப் பதிப்புகளை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகளும் நில வரைபட மென்பொருள்களும் கண்காணிப்புத் திரைகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பராமரிப்பவர்கள், அவற்றை எழுதியவர்கள் அல்லர். காரணம் புலப்படாமல் சொந்த நிரலின் ஒவ்வொரு வரியையும் சந்தேகித்துக்கொண்டிருப்போருக்காகவே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

உண்மையில் என்ன நடக்கிறது?

இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8087 துணைச் செயலியின் வழிவந்த, மிதவைப் புள்ளி எண்களை (டபுள் போன்ற தசம எண்களை) கணக்கிடும் செயலிப் பகுதி எக்ஸ்87 எனப்படும். அதில் 80 பிட் அகலமுள்ள எட்டுப் பதிவகங்களும், கணக்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் 16 பிட் கட்டுப்பாட்டுச் சொல் ஒன்றும் இருக்கின்றன. அந்தச் சொல்லின் 8-ஆம், 9-ஆம் பிட்கள் துல்லியத்துக்கு உரியவை. இரண்டும் 0 ஆக இருந்தால் ஒவ்வொரு கணக்கின் விடையும் 24 பிட்டுக்கு முழுமையாக்கப்படும் (அருகிலுள்ள மதிப்புக்குச் சுருக்கப்படும்). 9-ஆம் பிட் மட்டும் 1 ஆக இருந்தால் 53 பிட்டுக்கும், இரண்டுமே 1 ஆக இருந்தால் 64 பிட்டுக்கும் முழுமையாக்கப்படும். 24 பிட் என்பது ஏறக்குறைய 7 தசம இலக்கம். 53 பிட் என்பது 15 முதல் 16 இலக்கம்.

விண்டோஸில் 32-பிட் நிரல் தொடங்கும்போது கட்டுப்பாட்டுச் சொல்லின் மதிப்பு பதினறும முறையில் 027எஃப். அதாவது 53 பிட். வரைகலை அட்டையைக் குறிக்கும் ‘சாதனம்’ என்ற பொருளை உருவாக்கும் டைரக்ட்3டி 9-இன் ‘கிரியேட்டிவைஸ்’ (CreateDevice) அழைக்கப்பட்டதும், வேறு ஆணை தரப்படாவிட்டால், நூலகம் அதை 007எஃப் ஆக்கிவிடுகிறது. அழைப்பு முடிந்த பிறகும் பழைய மதிப்பு திரும்புவதில்லை. உங்கள் மாறி இன்னும் 8 பைட் இடத்தில்தான் இருக்கிறது, கம்பைலரும் அதை டபுள் என்றே கருதுகிறது. ஆனால் செயலி ஒவ்வொரு கூட்டலின் விடையையும் 24 பிட்டில் வெட்டித் தருகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.300000011920929 வருவதைக் காணலாம். 1,67,77,216 உடன் 1-ஐக் கூட்டினால் எண் நகர்வதே இல்லை.

எல்லாச் செயல்களும் பாதிக்கப்படுமா?

இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தின் விடைகளை மட்டுமே துல்லியப் பிட்கள் கட்டுப்படுத்துகின்றன. நினைவகத்திலிருந்து எண்ணை ஏற்றுவது, முழு எண்ணை மிதவைப் புள்ளியாக மாற்றி ஏற்றுவது, செயலியே கணக்கிடும் சைன், கொசைன் போன்றவை இந்தப் பிட்களைப் பொருட்படுத்துவதில்லை. எண் எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்கும் அடுக்குக்கான இடமும் சுருங்குவதில்லை என்பதால், மிகப் பெரிய எண்கள் முடிவிலியாகிவிடும் என்று எதிர்பார்த்துச் சோதித்தால் எதுவும் தெரியாது.

கோளாறைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இந்தப் பாதிப் பாதிப்பே முதன்மைக் காரணம். கோப்பிலிருந்து படித்து நினைவகத்தில் வைத்த 3.14159265358979 டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) முழுமையாகத் தெரியும். அதை இன்னொரு மாறிக்கு நகலெடுத்தாலும் குறையாது. 1 ஆல் பெருக்கிய கணமே கடைசி எட்டு இலக்கங்கள் மாறிவிடும். மாறிகளைப் பார்த்துப் பிழையைத் தேடுவோர், எல்லா உள்ளீடுகளும் சரியாக இருக்க விடை மட்டும் தவறாக வருவதைக் கண்டு, தங்கள் சூத்திரத்தையே திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

நூலகம் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. முதல் பென்டியம் செயலிகளில் ஒரு வகுத்தலுக்கு 64 பிட் துல்லியத்தில் 39 சுழற்சிகளும், 53 பிட்டில் 33 சுழற்சிகளும், 24 பிட்டில் 19 சுழற்சிகளும் தேவைப்பட்டன. முப்பரிமாணப் படம் வரைவதில் ஆழத்தால் வகுக்கும் வேலை தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு வகுத்தலிலும் 14 சுழற்சி மிச்சம் என்பது அன்று கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. 1996-இல் வந்த ‘குவேக்’ விளையாட்டும் இதே உத்தியைக் கையாண்டது. 1999-இல் திறந்துவிடப்பட்ட அதன் மூல நிரலைப் பார்த்தால் ஒரு நல்ல பழக்கம் தெரியும்: படம் வரைவதற்குத் துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்தாலும், நேரத்தைக் கணக்கிடும் செயற்கூறுக்குள் நுழையும்போது பழைய கட்டுப்பாட்டுச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு துல்லியத்தை உயர்த்தி, கணக்கு முடிந்ததும் திருப்பி வைக்கிறார்கள். தன் நிரலுக்குள் தானே செய்துகொண்ட மாற்றம் அது. அதன் விளைவு எங்கெல்லாம் பரவும் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டைரக்ட்3டியின் நிலை வேறு. அது யாருடைய நிரலில் ஏற்றப்படும், அங்கே என்னென்ன கணக்குகள் நடக்கும் என்பது அதற்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணம் இரண்டு காரணங்களைக் கூறுகிறது: இரட்டைத் துல்லியம் டைரக்ட்3டியின் வேகத்தைக் குறைக்கும் என்பது ஒன்று; மிதவைப் புள்ளி எக்ஸெப்ஷன்கள் (பூஜ்ஜியத்தால் வகுத்தல் போன்ற பிழைகளில் நிரலை நிறுத்தும் அறிவிப்புகள்) மறைக்கப்பட்டிருக்கும் என்று நூலகத்தின் சில பகுதிகள் கருதிக்கொள்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் வலுவானது. முதல் காரணத்துக்காகவும், நூலகம் தன் செயற்கூறுகளுக்குள் நுழையும்போது அமைப்பை மாற்றி, வெளியேறும்போது மீட்டிருக்கலாம். செயற்கூறு ஒன்று கட்டுப்பாட்டுச் சொல்லை மாற்றினால், அதைத் திருப்பி வைத்துவிட்டே வெளியேற வேண்டும் என்பது விண்டோஸின் அழைப்பு மரபு. அந்த மரபை மீறும் நடத்தையை இயல்புநிலையாகவும், மீறாமல் இருப்பதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டிய சலுகையாகவும் வைத்தது தவறான முடிவு என்பதே என் உறுதியான கருத்து. டைரக்ட்3டி 10 முதல் இந்த நடத்தை கைவிடப்பட்டது.

எந்த அறிகுறிகளைக் கண்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும்?

முதலில் நேரம். கணினி தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தை, உயர்நுணுக்க எண்ணியின் மதிப்பை அதன் அதிர்வெண்ணால் வகுத்து, நொடிகளாகப் பெறும் நிரல்கள் ஏராளம். 24 பிட்டில் அந்த வகுத்தலின் விடை, கணினி ஒரு நாள் ஓடியிருந்தால், ஏறத்தாழ 7.8 மில்லிநொடிப் படிகளில்தான் நகரும். பத்து நாள் ஓடியிருந்தால் 62.5 மில்லிநொடிப் படிகளில் நகரும். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரையும் நிரலில் ஒரு சட்டத்துக்கு 16.7 மில்லிநொடிதான். ஆகவே மூன்று நான்கு சட்டங்களுக்கு நேரம் நின்றுவிட்டது போலத் தோன்றி, பிறகு ஒரே தாவாகத் தாவும். கணினியை அணைத்துத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால், பயனர்கள் பலர் இதை வன்பொருள் கோளாறு என்றே நம்புவார்கள். மில்லிநொடிகளை நேரடியாகக் கூட்டிக்கொண்டே போகும் நிரல்களில் 4 மணி 39 நிமிடம் 37 நொடிக்குப் பிறகு ஒற்றை மில்லிநொடிகள் காணாமல் போகத் தொடங்கும்.

அடுத்தது தேதி. டெல்ஃபை என்ற நிரல் மொழியும், நிரல் பகுதிகளை இணைக்கும் விண்டோஸின் காம் அமைப்பும் தேதியை 1899 டிசம்பர் 30-இலிருந்து கடந்த நாட்களாக, டபுள் எண்ணில் வைக்கின்றன. 1989 செப்டம்பர் முதல் 2079 ஜூன் வரையிலான தேதிகளுக்கு 24 பிட்டில் கிடைக்கும் மிகச் சிறிய இடைவெளி ஒரு நாளின் 256-இல் ஒரு பங்கு, அதாவது 5 நிமிடம் 37.5 நொடி. பதிவுக் கோப்பில் எழுதப்படும் நேரங்கள் இந்த இடைவெளியில் கொத்துக் கொத்தாக வந்தால், வேறு எதையும் ஆராயாமல் கட்டுப்பாட்டுச் சொல்லைப் பார்க்கலாம்.

பணக் கணக்கும் தப்பாது. டெல்ஃபையின் ‘கரன்சி’ வகை, தொகையை 10,000 ஆல் பெருக்கி 64-பிட் முழு எண்ணாக வைத்திருந்தாலும், 32-பிட் நிரலில் அதன் கணக்குகள் எக்ஸ்87 வழியாகவே நடக்கின்றன. தொகை சுமார் 1,07,374 ரூபாயைத் தாண்டினால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான தூரம் ஒரு பைசாவைவிடப் பெரிதாகிவிடும். முழு எண்ணாகச் சேமிப்பதால் பாதுகாப்பு என்று நினைத்து அந்த வகையைத் தேர்ந்தவர்களுக்கு இது எதிர்பாராத இழப்பு.

நில அளவை நிரல்களில், மீட்டரில் தரப்படும் வடக்குத் தூரம் 10,48,576-க்கும் 20,97,152-க்கும் இடைப்பட்டிருக்கும் பகுதிகளில் ஒரு புள்ளி 12.5 சென்டிமீட்டர் கட்டங்களில்தான் அமரும். வரைபடத்தை நெருக்கிப் பார்க்கும்போது கோடுகள் படிக்கட்டுகளாகத் தெரிவது இதனால்தான்.

லூவா நிரல்களில் அட்டவணைகள் குழம்பிப்போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இந்தக் கோளாறு பலருக்கும் முதன்முதலில் அறிமுகமாவது அந்த வழியில்தான். விளையாட்டுகளுக்குள் பதிக்கப்படும் சிறு நிரல் மொழியான லூவாவின் 5.1 பதிப்பில் எல்லா எண்களும் டபுள் வகையே. அட்டவணையின் வரிசை எண்ணாக ஒரு டபுளைப் பயன்படுத்த, அதை விரைவாக முழு எண்ணாக மாற்ற வேண்டும். அதற்காக எக்ஸ்86 (இன்டெல் வகை) செயலிகளில் ஒரு தந்திரம் கையாளப்பட்டது: எண்ணுடன் 6,755,399,441,055,744-ஐக் கூட்டினால், அதாவது 2-இன் 52-ஆம் அடுக்கையும் 51-ஆம் அடுக்கையும் சேர்த்த தொகையைக் கூட்டினால், விடையின் கீழ் 32 பிட்களில் நமக்கு வேண்டிய முழு எண் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். 53 பிட் துல்லியம் இருக்கும் வரை இது பிழையற்ற வழி. 24 பிட்டிலோ அந்த அளவுள்ள எண்களுக்கு இடையிலான தூரம் 53,68,70,912. ஆகவே 1, 2, 3 என எந்தச் சிறிய எண்ணைக் கூட்டினாலும் அது கரைந்துபோய், கீழ் 32 பிட்களில் 0 மட்டுமே எஞ்சும்.

லூவாவின் அமைப்புக் கோப்பிலேயே, இந்தத் தந்திரம் டைரக்ட்எக்ஸின் (டைரக்ட்3டி அடங்கிய தொகுப்பின்) வினோத நடத்தையோடு சில சமயம் மோதும் என்று குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு அந்தக் கோப்பு தனியாக ஓர் அசெம்பிளி வழியைத் தருகிறது. எண்ணை ஏற்றி, முழு எண்ணாகச் சேமிக்கும் அந்த இரு ஆணைகளும் துல்லியப் பிட்களைச் சாராதவை. ஆதலால் ஒரே லூவா மூலநிரலை வேறொரு கம்பைலரில் கட்டினால் மட்டும் பிழை தலைகாட்டும்.

எங்கள் சோதனைகள் எல்லாம் தேறுகின்றனவே?

சோதனைகள் பெரும்பாலும் சாளரம் திறக்காமல் ஓடுபவை. டைரக்ட்3டி ஏற்றப்படாத இடத்தில் கட்டுப்பாட்டுச் சொல் மாறுவதில்லை; மாறாத இடத்தில் கணக்கும் தவறுவதில்லை. மேலும் கட்டுப்பாட்டுச் சொல், ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் ஒவ்வோர் இழைக்கும் (த்ரெட்) தனித்தனியானது. ‘கிரியேட்டிவைஸ்’ஸை அழைத்த இழை 24 பிட்டில் ஓட, புதிதாகத் தொடங்கிய இழை 53 பிட்டில் ஓடும். ஒரே செயற்கூறு, ஒரே உள்ளீட்டுக்கு, எந்த இழையிலிருந்து அழைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு விடைகள் தரும். சாதனத்தை உருவாக்கிய பிறகு அதே இழையில் கணக்குச் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பதே பொருளுள்ள சோதனை.

கட்டுப்பாட்டுச் சொல்லை எப்படிப் பார்ப்பது?

விஷுவல் ஸ்டுடியோவின் பதிவகச் சாளரத்தில் மிதவைப் புள்ளிப் பதிவகங்களைக் காட்டச் சொன்னால், ‘சிடிஆர்எல்’ என்ற பெயரில் அது தெரியும். 027எஃப் என்றால் நலம். 007எஃப் என்றால் ஐயமே வேண்டாம். ஜிடிபி என்ற டீபக்கரில் ‘இன்ஃபோ ஃப்ளோட்’ என்ற கட்டளை அதே செய்தியை விளக்கத்துடன் தரும்.

டீபக்கர் இல்லாத இடத்தில் நிரலுக்குள்ளேயே சோதிக்கலாம். 1,67,77,216 என்ற மதிப்புள்ள டபுளுடன் 1 மதிப்புள்ள டபுளைக் கூட்டி, விடை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் துல்லியம் குறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மாறிகளையும் ‘வோலட்டைல்’ என்று அறிவிக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் கம்பைலர் அந்தக் கூட்டலைத் தொகுக்கும்போதே செய்து, சரியான விடையை எழுதிவைத்துவிடும். நிரல் ஓடும் வேளையில் செயலி கூட்டவே கூட்டாது. இந்தச் சோதனையை நிரலின் தொடக்கத்தில் ஒரு முறையும், சாதனம் உருவான பின் ஒரு முறையும், பிறர் எழுதிய நூலகம் எதை ஏற்றினாலும் அதன் பின் ஒரு முறையும் வைத்தால் குற்றவாளி தானாகவே வெளிப்படும். கோப்பு திறக்கும் உரையாடல் பெட்டியும் அச்சுப்பொறி டிரைவரும்கூட அந்நிய நூலகங்களை உங்கள் நிரலுக்குள் கொண்டுவரும் வழிகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சரியான தீர்வு எது?

சாதனத்தை உருவாக்கும்போது தரப்படும் நடத்தை ஃபிளாக்குகளில் (தெரிவுக் குறிகளில்) ‘டி3டிகிரியேட்_எஃப்பியு_பிரிசர்வ்’ என்பதைச் சேர்க்க வேண்டும். அதன் மதிப்பு 2. டைரக்ட்எக்ஸின் இருபரிமாண நூலகமான டைரக்ட்டிரா 7-இல் இதற்கு இணையானது, ஒத்துழைப்பு நிலையை அமைக்கும்போது தரப்படும் ‘டிடிஎஸ்சிஎல்_எஃப்பியுபிரிசர்வ்’. ஒரு சொல்லைச் சேர்ப்பதோடு வேலை முடிகிறது. பெரும்பாலான நிரல்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நிரல் மிதவைப் புள்ளி எக்ஸெப்ஷன்களைத் திறந்து வைத்திருந்தால், இந்த ஃபிளாக் அவற்றையும் அப்படியே விட்டுவிடும். அவை மறைக்கப்பட்டிருக்கும் என்று கருதும் டைரக்ட்3டி எதிர்பாராத இடத்தில் நின்றுபோகலாம். அப்படிப்பட்ட நிரலில் டைரக்ட்3டி அழைப்புகளுக்கு முன் எக்ஸெப்ஷன்களை மறைத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் குறையாதா?

அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே பொதுவான அறிவுரை. இந்த இடத்தில் நான் அதைவிடத் தெளிவாகச் சொல்வேன்: ஃபிளாக்கைச் சேர்த்துவிடுங்கள். துல்லியத்தைக் குறைப்பது பென்டியம் காலத்து வகுத்தல் கணக்கை வைத்து எடுக்கப்பட்ட முடிவு. உருமாற்றமும் ஒளியூட்டலும் வரைகலை அட்டைக்குச் சென்றுவிட்டன. செயலியில் எஞ்சிய வேலையையும் எக்ஸ்87-ஐச் சாராத புதிய எஸ்எஸ்இ ஆணைகள் ஏற்றுக்கொண்டன.

சாதனத்தை உருவாக்குவது நாங்கள் வாங்கிய எஞ்சின். அதன் மூலநிரல் எங்களிடம் இல்லை. என்ன செய்யலாம்?

எஞ்சினின் தொடக்கச் செயற்கூறை அழைப்பதற்கு முன் கட்டுப்பாட்டுச் சொல்லைப் படித்து வைத்துக்கொண்டு, அழைப்பு முடிந்ததும் திருப்பி எழுதலாம். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ‘_கன்ட்ரோல்எஃப்பி_எஸ்’ என்ற செயற்கூறுக்குத் துல்லிய முகமூடியையும் 53 பிட்டுக்குரிய மாறிலியையும் தந்தால் போதும். சாளர அளவு மாறுவது, முழுத்திரைக்குச் செல்வது போன்ற தருணங்களில் எஞ்சின் சாதனத்தை அழித்து மீண்டும் உருவாக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு சட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லைச் சரிபார்ப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு அற்பமானது. அதே மூலநிரலை 64-பிட்டுக்கும் தொகுப்பவர்கள் இந்த அழைப்பை 32-பிட்டுக்கு மட்டும் வரையறுக்க வேண்டும். எக்ஸ்64-இல் (64-பிட்டில்) துல்லியத்தை மாற்றும் கோரிக்கை ஆதரிக்கப்படுவதில்லை. கேட்டால் தவறான அளவுரு என்று நிரல் நின்றுவிடும்.

துல்லியம் தேவைப்படும் கணக்குகளைத் தனி இழைக்கு மாற்றுவது இன்னொரு வழி. ஏற்கெனவே அப்படிப் பிரிக்கப்பட்ட நிரல்களில் இது இயல்பாகவே பாதுகாப்பைத் தருகிறது; இதற்காக மட்டும் இழைகளைப் பிரிப்பது தேவையற்ற சிக்கல்.

நாங்கள் எழுதுவது நூலகம். யார் எங்களை அழைப்பார்கள் என்று தெரியாது. எங்களைக் காத்துக்கொள்ள முடியுமா?

முடியும்; பெரிய திட்டங்கள் செய்திருக்கின்றன. எழுத்து வடிவில் உள்ள எண்ணை டபுளாக மாற்றும் வழிமுறையும், டபுளை மிகக் குறைந்த இலக்கங்களில் எழுதும் வழிமுறையும் ஒவ்வொரு கணக்கும் 53 பிட்டுக்கே முழுமையாக்கப்படும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. பைத்தான் 2.7-உம் 3.1-உம் எண்ணின் குறுகிய வடிவத்தைத் தரத் தொடங்கியபோது, அந்தக் கணக்கு நடக்கும் சிறு பகுதியைச் சுற்றி மட்டும் கட்டுப்பாட்டுச் சொல்லை 53 பிட்டுக்கு மாற்றி, முடிந்ததும் மீட்டு வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தன. மொசில்லாவின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினிலும் செயலியின் அமைப்பைச் சரிசெய்யும் பகுதி விண்டோஸுக்காக இருந்தது.

இவற்றில் பின்பற்றத்தக்கது எல்லையின் குறுக்கம். மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றி, வெளியேறும் எல்லா வழிகளிலும், பிழை எழுந்து வெளியேறும் வழியிலும்கூட, பழைய மதிப்பைத் திருப்பி வைக்க வேண்டும். உங்களுக்கு 53 பிட் வேண்டும் என்பதற்காக அழைத்தவரின் அமைப்பை நிரந்தரமாக மாற்றிவிட்டால், நீங்களும் அதே தவற்றைச் செய்தவர்களாகிறீர்கள்.

கம்பைலர் தெரிவுகளால் தப்ப முடியாதா?

எஸ்எஸ்இ2 ஆணைகளைப் பயன்படுத்தச் சொல்லித் தொகுத்தால் தப்பலாம். பென்டியம் 4-உடன் வந்த இந்த ஆணைகளில் துல்லியம் ஆணைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எக்ஸ்87-இன் கட்டுப்பாட்டுச் சொல் அவற்றைத் தொடாது. விஷுவல் ஸ்டுடியோ 2012 முதல் 32-பிட் நிரல்களுக்கும் இதுவே இயல்புநிலை. ஜிசிசி கம்பைலரில் எஸ்எஸ்இ2-ஐ இயக்கி, மிதவைப் புள்ளிக் கணக்குக்கு எஸ்எஸ்இயைத் தேர்வதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 32-பிட் மரபுப்படி செயற்கூறின் டபுள் விடை எக்ஸ்87 பதிவகம் வழியாகவே திரும்புகிறது என்றாலும், அங்கே ஏற்றுதல் மட்டுமே நடப்பதால் இழப்பு இல்லை. நீங்கள் இணைக்கும் பழைய நூலகங்கள் எப்படித் தொகுக்கப்பட்டன என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

‘எஃப்பி ஸ்டிரிக்ட்’, ‘எஃப்பி பிரிசைஸ்’ போன்ற தெரிவுகள் இங்கே உதவா. அவை கம்பைலர் சூத்திரங்களை எவ்வளவு மாற்றியமைக்கலாம் என்பதை வரையறுக்கின்றன. நிரல் ஓடும்போது வேறொருவர் கட்டுப்பாட்டுச் சொல்லை மாற்றுவதை அவற்றால் தடுக்க முடியாது.

டாட்நெட் மொழிகளில்?

32-பிட் டாட்நெட் ஃப்ரேம்ஒர்க் எக்ஸ்87-ஐயே பயன்படுத்தியதால் சி ஷார்ப்பின் டபுளும் அதே கதிக்கு ஆளாகும். மேனேஜ்டு டைரக்ட்எக்ஸில் ‘எஃப்பியுபிரிசர்வ்’ என்ற பெயரில் அதே ஃபிளாக் இருக்கிறது. ‘டெசிமல்’ வகை முழு எண் கணக்கால் ஆனது, அது பாதிக்கப்படாது.

எங்கள் விடைகள் துல்லியம் குறைந்து வரவில்லை. எண்ணே அல்ல என்று வருகின்றன. இதுவும் அதுவா?

வேறு நோய், இடம் மட்டும் ஒன்று. பழைய படக் கையாளுதல் நூலகங்கள், பல முழு எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் எம்எம்எக்ஸ் ஆணைகளைப் பயன்படுத்தின. எம்எம்எக்ஸ் பதிவகங்களும் எக்ஸ்87 பதிவகங்களும் ஒரே இடத்தைப் பகிர்கின்றன. வேலை முடிந்ததும் ‘இஎம்எம்எஸ்’ என்ற ஆணையை இட்டு இடத்தைக் காலிசெய்யாமல் நூலகம் திரும்பினால், எட்டுப் பதிவகங்களும் நிரம்பியிருப்பதாகச் செயலி கருதும். அடுத்து எண் ஏற்றப்படும்போது பதிவக அடுக்கு (ஸ்டாக்) நிரம்பி வழிந்து, அந்த எண் பொருளற்ற மதிப்பாகிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் பழைய நூலகம் அதை ‘-1.#ஐஎன்டி’ என்று அச்சிடும்.

டெல்ஃபை நிரல்கள் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நூலகத்தைத் தொடங்கியதும் பூஜ்ஜியத்தால் வகுத்தல் பிழையுடன் நின்றுபோவது மூன்றாவது வகை. டெல்ஃபையின் பழைய இயல்புநிலையான 1332 என்ற பதினறும மதிப்பு, தவறான செயல், பூஜ்ஜிய வகுத்தல், மிகைவழிதல் ஆகிய மூன்று எக்ஸெப்ஷன்களைத் திறந்து வைக்கிறது. டிரைவர்களோ அவை மறைந்திருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. இங்கே மரபை மீறியது நூலகம் அன்று, மொழியின் இயக்கச் சூழல். ‘செட்8087சிடபிள்யூ’ மூலம் 133எஃப் என்ற மதிப்பை அமைத்தால் தீரும்.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் கணினிக்குக் கணினி நிலை மாறுவது இதனாலா?

இருக்கலாம். ஒவ்வொரு கணினியும் உலகத்தின் நிலையைத் தானே கணக்கிட்டு, ஆட்டக்காரர்களின் கட்டளைகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும் முறையில், கடைசி பிட் மாறினாலும் சிறிது நேரத்தில் இரண்டு உலகங்கள் உருவாகிவிடும். ஒரு கணினியில் டைரக்ட்3டி வழியாகவும் இன்னொன்றில் வேறு வரைகலை நூலகம் வழியாகவும் படம் வரையப்பட்டால் அடிப்படைத் துல்லியமே வேறாகிறது. வரைதல் இல்லாமல் ஓடும் சர்வர், வரைந்துகொண்டே ஓடும் ஆட்டக்காரரோடு ஒத்துப்போகாததற்கும் இதே காரணம் உண்டு. கணக்கிடும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கட்டுப்பாட்டுச் சொல்லைச் சரிபார்த்து, மாறியிருந்தால் உரக்க அறிவிக்கும் ஏற்பாடு அவசியம். பதிவு செய்த ஆட்டத்தைத் திரும்ப ஓட்டும் வசதி உள்ள நிரல்களில், ஃபிளாக்கைப் புதிதாகச் சேர்த்தால் பழைய பதிவுகள் பிறழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

லினக்ஸில் வைன் மூலம் ஓட்டினால் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா?

இருக்கும், வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவுவது வைன். வைனின் டைரக்ட்3டி 9 பகுதியும், டைரக்ட்3டி அழைப்புகளை வல்கன் என்ற வரைகலை நூலகத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகேயும், ஃபிளாக் தரப்படாவிட்டால் கட்டுப்பாட்டுச் சொல்லை மாற்றுகின்றன. குறைந்த துல்லியத்தில் சோதிக்கப்பட்டு வெளிவந்த விளையாட்டுகள் அந்தக் குறைவையே சார்ந்து நிற்கின்றன. முழுத் துல்லியத்தில் அவை வேறு விதமாக நடந்துகொள்ளலாம். பழைய நிரல்களை உள்ளபடியே பாதுகாக்க முனைவோர் செய்யத்தக்க பொறுப்பான செயல் இது.

64-பிட்டுக்கு மாறிவிட்டால் இதை மறந்துவிடலாமா?

துல்லியப் பிட்களை மறந்துவிடலாம். 64-பிட் விண்டோஸ் நிரல்கள் டபுள் கணக்குக்கு எஸ்எஸ்இ2-ஐயே பயன்படுத்துகின்றன. ஆனால் எஸ்எஸ்இக்கும் ‘எம்எக்ஸ்சிஎஸ்ஆர்’ என்ற கட்டுப்பாட்டுப் பதிவகம் உண்டு. அதில் முழுமையாக்கும் முறையும், மிகச் சிறிய எண்களை 0 ஆக்கிவிடும் இரண்டு பிட்களும் இருக்கின்றன. அதையும் நூலகங்கள் மாற்றக்கூடும். ஜிசிசியில் வேகக் கணிதத் தெரிவுடன் தொகுக்கப்பட்ட பகிர்வு நூலகம் ஒன்று, ஏற்றப்பட்ட உடனேயே அந்தப் பிட்களை இயக்கிவிடும். அந்த நூலகத்தின் எந்தச் செயற்கூறையும் நீங்கள் அழைக்காவிட்டாலும், 2-இன் எதிர்ம 1022-ஆம் அடுக்குக்குக் கீழுள்ள எண்கள் உங்கள் இழையில் 0 ஆகும். இரண்டு வேறுபட்ட எண்களைக் கழித்தால் 0 வராது என்று நம்பி வகுக்கும் நிரல்கள் அங்கே உடையும். ஜிசிசி 13 முதல், பகிர்வு நூலகங்களைத் தொகுக்கும்போது அந்தத் தொடக்கப் பகுதி இணைக்கப்படுவதில்லை. அதற்கு முந்தைய பதிப்புகளில் கட்டப்பட்ட நூலகங்களை ஏற்றும் நிரல்களில், ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ‘எம்எக்ஸ்சிஎஸ்ஆர்’ மதிப்பைப் படித்து ஒப்பிட்டு, மாறியிருந்தால் மீட்டு வைக்க வேண்டும். அதன் இயல்பு மதிப்பு பதினறும முறையில் 1எஃப்80.